சுடாத கை

அன்றைக்கு இஸ்திரி மேசை முழுக்கக் குழந்தைச் சட்டைகள். கழுத்தில் லேஸ், இடுப்பில் சுருக்கு, கைக்கு வைத்த துணியோ ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. பெரிய துணியை மடமடவென்று தள்ளிவிடலாம். இந்த மாதிரி பொடிசுகளில்தான் பெட்டியின் மூக்கை நுழைக்கவே இடம் இருக்காது. இடது கையால் இழுத்துப் பிடித்து, பெட்டிக்கு முன்னாலேயே உள்ளங்கையால் நீவிக்கொண்டு போக வேண்டும். ஆவி முழுவதும் அந்தக் கையில்தான் அடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்தில் ஆ ஊ என்று கையை உதறுவார்கள். போகப் போக உதறுவது நின்றுவிடும்.

இவள் உதறுவதை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. கொதிக்கிற டீ டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் அடியில் ஏந்திக் குடிப்பாள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு இரும்புக்கை என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேர் என்று ஒன்று இருப்பது இப்போது அவள் புருஷனுக்கும் கம்பெனி அட்டைக்கும்தான் தெரியும்.

வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகளைக் கம்பெனிப் பிள்ளைக்கூடத்தில் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா இஸ்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த வெக்கை தனக்கு ஆகாது என்பாள். அப்படிப்பட்டவள் அன்று வாசலைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். தோளில் இவளுடைய பாப்பா துவண்டு கிடந்தது.

"ஏம்மா, பெத்தவதானா நீ? பிள்ளை இப்படிக் கொதிக்குது. இதைக் கொண்டாந்து கூடத்துல தள்ளிட்டு நீ பாட்டுக்குச் சட்டை தேய்ச்சிட்டு நிக்கிறே!"

இவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"காலையில தொட்டுப் பார்த்தேனே ஆயாம்மா. ஒன்னும் இல்லையே."

"எந்தக் கையால பார்த்தே?"

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். காலையில் பாப்பா பாலை வேண்டாம் என்று தள்ளியது, சிணுங்கியது, காலைக் கட்டிக்கொண்டது. வலது கையில் சீப்பு இருந்தது. இடது கையைத்தான் நெற்றியில் வைத்தாள். சந்தேகத்துக்குப் புருஷனையும் கூப்பிட்டாள். அவன் பேக்கரியில் அடுப்பிலிருந்து தட்டு இழுக்கிறவன். அவனும் தன் கையை வைத்துப் பார்த்து, "ஒன்னும் இல்லை, உன்னை மாதிரியே காலங்காத்தால மூக்கைச் சிந்துறா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். இரண்டு பேருமாகச் சேர்ந்து, நெருப்பைத் தொட்டாலும் தெரியாத இரண்டு கைகளால், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

குழந்தையின் நெற்றியைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள். சுரீரென்று சுட்டது.

சூப்பர்வைசர் வந்துவிட்டான். எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்காமல் தன் மணிக்கட்டைப் பார்த்துப் பேசுவதால் அவனுக்குக் கடிகாரம் என்று பேர். இன்றைக்கும் அங்கேதான் பார்த்தான்.

"காய்ச்சல் பிள்ளையைக் கூடத்துல வைக்கக் கூடாது. இங்கேயும் வைக்கக் கூடாது. கொண்டு போய் யார்கிட்டயாவது விட்டுட்டு மதியச் சங்குக்குள்ள வந்துடு. சாயங்காலம் சரக்கு ஏறணும்."

"யார்கிட்ட சார் விடுறது? லைன் வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் இங்கதானே இருக்காங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ இல்லைன்னா இந்த லேஸ் வேலையை யார் பண்ணுவா? வரலைன்னா நாளைக்கும் வர வேண்டாம். அவ்வளவுதான்."

அவள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை கூட வந்த ஆயாம்மா, யாரும் பார்க்காதபோது காய்ச்சல் பார்க்கிற குச்சியை எடுத்து அவள் இடுப்பில் செருகினாள்.

"கூடத்துக்கு இருக்கிறதே இது ஒன்னுதான். பத்திரம். உன் கையை மட்டும் நம்பிடாதே தாயி."

கேட்டில் ஒப்படைத்திருந்த போனை வாங்கியதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரி நர்ஸக்காவைக் கூப்பிட்டாள். போன வருஷம் இதே மாதிரி ஒரு காய்ச்சலில் பாப்பாவுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளி, பிள்ளை கையை விட்டுப் போய்விட்டது என்றே அன்று நினைத்தாள். அப்போது பார்த்தது இந்த அக்காதான்.

"பதறாதே. கண்ணு முழிச்சுப் பார்க்குதா? கழுத்தை வளைச்சுக் குனியுதா? உடம்புல தடிப்பு, மூச்சிரைப்பு ஒன்னும் இல்லையே? அப்ப வீட்டுலயே பாரு. அன்னைக்கு எழுதிக் கொடுத்த சிரப், அதே அளவு, அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம். துணியெல்லாம் கழட்டிடு. போர்த்தி மூடாதே. வெதுவெதுன்னு தண்ணி தொட்டுத் துடைச்சு விடு, பச்சைத் தண்ணி வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடு. நல்லா காத்து படணும், கேட்டியா? ஃபேனைப் போட்டு விடு. இழுத்துச்சுன்னாலோ, எழுப்பி எழுந்திருக்கலைன்னாலோ, ஒன்னுக்கே போகலைன்னாலோ ஒரு நிமிஷம் நிக்காதே, தூக்கிட்டு ஓடி வா."

"சரிக்கா" என்றாள். பகலில் ஃபேன் ஓடாது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லாமல் விட்டாள்.

கம்பெனி லைன் வீடுகளில் பகலில் கரண்ட் கிடையாது. காலைச் சங்கு ஊதினால் போகும், வேலை விடும் சங்கு ஊதினால் வரும். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குக் கரண்ட் என்பது கம்பெனியின் கேள்வி. யாரும் பதில் சொன்னதில்லை. பகலில் அங்கே யாரும் இருந்ததில்லை, உடம்புக்கு முடியாதவர்களைத் தவிர. முடியாதவர்கள் வழக்குப் பேசுகிற நிலையில் இருப்பதில்லை.

வீடு என்றால் ஒரே அறை. மேலே தகரக்கூரை. கதவைத் திறந்ததுமே உள்ளிருந்த வெக்கை முகத்தில் அறைந்தது. ஃபேன் அசையாமல் நின்றது. வீட்டில் இருக்கிற ஒரே ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திறக்கும். காற்றுக்கு அந்தச் சந்துக்குள் வர வழியே கிடையாது.

பாப்பாவின் துணியைக் கழற்றிப் பாயில் போட்டாள். குச்சியை அக்குளில் வைத்து எடுத்துப் பார்த்தாள். நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. சிரப்பை மூடியில் கோடு பார்த்து ஊற்றி, மூக்கைப் பிடிக்காமல், திட்டாமல், கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இறக்கினாள். பிறகு தண்ணீர் காய வைத்துக் கலக்கினாள். விரலை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சூடா, வெதுவெதுப்பா, எல்லாம் அந்தக் கைக்கு ஒன்றுதான். சேலையை ஒதுக்கிக்கொண்டு முழங்கையை விட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். இத்தனை வருஷம் நம்பிய கையை ஒரே காலையில் தள்ளி வைத்துவிட்டு, உடம்பில் வேறெங்கே உணர்வு மிச்சமிருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அந்தக் கையை வெட்டி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று துடைத்தாள். துடைத்த ஈரம் காய வேண்டும், காய்ந்தால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று இருந்தால்தானே காயும். துணி தேய்க்கிறவளுக்கு அது தெரியாதா? கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து விசிறினாள். அட்டையில் அச்சடித்த ஒரு குண்டுக் குழந்தை புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிரித்தது. தோள் விட்டுப் போகிற வரைக்கும் விசிறினாள். வந்தது தகரத்தின் அனல்தான்.

மறுபடி குச்சி வைத்தாள். ஒரு புள்ளி இறங்கவில்லை, ஏறியிருந்தது. "அம்மா, ஜிஜ்ஜீ" என்று பாப்பா தண்ணீர் கேட்டு, இரண்டு மடக்கோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது அதன் இடது கை விரல்கள் ஒரு தரம் வெடுக்கென்று துள்ளின. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. ஆனால் போன வருஷமும் விரலில்தான் ஆரம்பித்தது.

அவள் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லைன் முனையில் சுவரோடு ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள்தான் மொத்த லைனுக்கும் கரண்ட் கொடுக்கிற கைப்பிடி. பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குக் காவலாகக் காவல்காரர், அவர் தலைக்கு மேலே ஒரு குடை. அந்தப் பக்கம் நிழல் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடை ஒன்றுதான் உண்டு.

"அண்ணே, பெட்டியைத் திறங்க. பிள்ளைக்குக் காய்ச்சல். காத்து வேணும்."

அவர் பாப்பாவைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சாவி ஆபீஸ்ல இருக்கும்மா. என்கிட்டப் பூட்டைத்தான் கொடுத்திருக்காங்க."

"ஆபீஸ்ல கேளுங்க."

கேட்டார். போனில் அவர் "ஆமாங்க, சரிங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒருத்தருக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்களாம். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றாங்க."

"காய்ச்சல்கிட்ட யார் சொல்றது, சாயங்காலம் வரைக்கும் பொறுன்னு? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

காவல்காரர் செருப்பால் மண்ணைக் கிளறினார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு வயித்தைக் கலக்குது. அந்தப் பக்கம் போய்ட்டு வரேன். வர நேரமாகும்." நாலடி போனவர் திரும்பாமலே சொன்னார், "எனக்குக் காதும் அவ்வளவாக் கேக்காது. ஆபீஸுக்கே தெரியும்."

அவள் வீட்டுக்கு ஓடி, கதவுக்கு அண்டக் கொடுக்கிற கருங்கல்லை எடுத்து வந்தாள். பாப்பா இடுப்பில், கல் வலது கையில். முதல் அடி பூட்டில் படாமல் பெட்டியில் விழுந்து நங்கென்று ஊரைக் கூட்டியது. இரண்டாவது அடியில் பூட்டு நெளிந்தது. அடுத்ததில் கொண்டியே பிய்ந்து விழுந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கைப்பிடியை மேலே தள்ளி, மூடியைச் சாத்தினாள்.

லைனே முழித்துக்கொண்டது. காலையில் கரண்ட் போனபோது யார் ஃபேனை அணைத்திருப்பார்கள்? பூட்டிக் கிடந்த அத்தனை வீடுகளுக்குள்ளும் கடகடவென்று ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. ஒரு வீட்டில் டிவி யாருக்கோ செய்தி வாசித்தது. இன்னொரு வீட்டில் ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து பிடித்துக்கொண்டது. பாப்பா தலையைத் தூக்கி, "யாரு?" என்று கேட்டது.

"யாருமில்லைடி. நாமதான்" என்றாள் அவள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

ஃபேனுக்கு அடியில் போட்டு, துடைத்தாள், காய விட்டாள், மறுபடி துடைத்தாள். கதவை விரியத் திறந்து வைத்தாள். சிரப்பும் ஒருவழியாக வேலையைக் காட்டத் தொடங்கியது. மதியச் சங்கு ஊதியபோது குச்சியில் அளவு நூற்று ஒன்றுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. அவள் பாப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாப்பா பாயை நனைத்தது. ஒரு பிள்ளை பாயை நனைத்ததற்கு எந்தத் தாயும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

புருஷன் மதியத்தோடு பேக்கரி வேலை முடிந்து, ஒரு பன் பொட்டலத்தோடு வந்தான். பட்டப்பகலில் லைன் முழுக்க ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தான். அவள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"பூட்டை உடைச்சியா? அடிப்பாவி! வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான், வேலையையும் காலி பண்ணுவான். நம்ம ரெண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிட்டு எங்கே போறது?"

"அதைக் காலையில உன் கையை வைக்கும்போது யோசிச்சிருக்கணும். என் கையும்தான். சேர்ந்து லட்சணமாப் பார்த்தோமே!"

பாப்பாவின் நெற்றியைத் தொடப் போனவன் கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, குனிந்து கன்னத்தை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் பிள்ளையைப் பார்த்துக்கிறேன்" என்றான். "அதோ வரானுங்க பாரு. நீ போய்ப் பேசு. எனக்குப் பேச வராது, கை நீண்டுடும்."

கடிகாரம் வந்துகொண்டிருந்தான். பின்னால் ஸ்க்ரூ டிரைவரோடு கம்பெனியில் கரண்ட் வேலை பார்க்கிற பையன். அவள் வாசலில் ஓடுகிற சாக்கடை வாய்க்காலைத் தாண்டி, அவர்களுக்கு முன்னால் பெட்டியருகே போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"காய்ச்சலைக் கேட்டு."

"நக்கலா? மதியச் சங்கு காதுல விழுந்துச்சா இல்லையா?"

"நல்லா விழுந்துச்சு. அப்ப பிள்ளைக்கு முதுகு துடைச்சிட்டிருந்தேன்."

"இங்க பாரு," அவன் குரலைத் தணித்துக்கொண்டான், "எனக்கு மேலயும் ஆள் இருக்கு. அணைச்சுட்டு வான்னு என்னைத்தான் அனுப்பியிருக்காங்க. நீ இப்ப வந்து வேலையில நின்னா, பூட்டு தானா உடைஞ்சதுன்னு நானே சொல்லிக்கிறேன். லேஸ் சட்டை அத்தனையும் அப்படியே கிடக்குது."

"கிடக்கட்டும். சரக்கு ரூம்ல ஏசி ஓடுதே, பகல், ராத்திரி எப்பவும். ஆள் யாரு சார் இருக்காங்க அங்கே? சட்டைங்கதானே இருக்கு? ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குக் கரண்ட்?"

"அது சரக்கு. புழுக்கத்துல பூசணம் பிடிச்சிடும்."

"இது பிள்ளை" என்றாள்.

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். வேறெங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"காய்ச்சல் பிள்ளையைக் காலையில கூடத்துல கொண்டு வந்து விட்டது யாரு? நானா? தொட்டுப் பார்த்துட்டுத்தானே விட்டே? இப்ப எங்ககிட்ட எகிர்றே."

அது அவளுக்கு நேராக நெஞ்சில் இறங்கியது. காலையிலிருந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

"நான்தான் விட்டேன். இந்தக் கையாலதான் பார்த்தேன். இந்தக் கைக்கு ஏன் தெரியலைன்னு உங்க மேசையைப் போய்க் கேளுங்க சார்."

அவன் பையன் பக்கம் திரும்பினான். "என்னடா வேடிக்கை? திறந்து அணை."

பையன் அவளைப் பார்க்காமல் முன்னால் வந்து மூடியைப் பிடித்தான். உச்சி வெயில் முழுவதையும் குடித்திருந்த இரும்பு. "ஸ்ஸ்... அப்பா!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினான். விரல் நுனியை வாயில் வைத்துக்கொண்டான்.

"துணி சுத்திட்டுத் திறடா."

அவன் பையில் துணி தேடுவதற்குள் அவள் ஓரடி முன்னால் வந்தாள். தன் இடது உள்ளங்கையை விரித்து, மூடியின் நடுவில் அழுத்தமாக வைத்தாள். தேய்க்கிற துணியின் மேல் வைக்கிற மாதிரியே வைத்தாள்.

"கையை எடு."

"நீங்க வந்து எடுங்க."

கடிகாரம் ஒரு முறை கையை நீட்டினான். இரும்பிலிருந்து எழும்பிய வெக்கை முழங்கைவரை அடித்திருக்க வேண்டும். நீட்டிய கை அப்படியே திரும்பிவிட்டது. பையன் துணியை எடுத்துவிட்டான், ஆனால் சுற்றிக்கொள்ளவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, சுடுது அக்கா. எடுத்துடுங்க. தோல் வந்துடும்."

"சுடுதா?" என்று அவள் கேட்டாள்.

வீட்டுக்குள் ஃபேன் சத்தத்துக்கு நடுவே பாப்பா தூங்கி எழுந்து அம்மா என்று கூப்பிட்டது. காலையில் இருந்ததைவிடக் குரலில் தெம்பு இருந்தது. "இங்கதான்டி இருக்கேன்" என்று இவள் தலையை மட்டும் திருப்பிச் சொன்னாள். கை அங்கேயே இருந்தது.